சிப்பி வளர்ப்பு வந்த வழி



சிப்பி வளர்ப்பு என்று சொன்னதும் நம்ம பாபநாசம் பக்கத்தில் பல பேருக்கு வைக்கோல் படுக்கையில் வளர்க்கிற சிப்பிக் காளான்தான் ஞாபகத்துக்கு வரும். இன்றைக்கு நான் பேசப்போவது அதைப் பற்றி இல்லீங்க. தண்ணீரில் கிடக்கிற, உயிருள்ள சிப்பியைப் பற்றி. நெல்லும் வாழையும் வெற்றிலையும் பயிர் செய்கிற நமக்குச் சிப்பிக் கதை எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. குளம் வைத்திருப்பவர்களிடமும் பண்ணைக்குட்டை வெட்டியவர்களிடமும் இப்போது சில பேர் வந்து போகிறார்கள். "உங்கள் குட்டையில் முத்து வளர்க்கலாம். சிப்பி தருகிறோம், பயிற்சி தருகிறோம், விளைந்த முத்தை நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம். முன்பணம் மட்டும் கட்டுங்கள்" என்கிறார்கள். "சார், கட்டலாமா?" என்று நீங்கள் என்னைக் கேட்கிறீர்கள்.

ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் சிப்பி வளர்ப்பு எப்படி வந்தது, எங்கே நிலைத்தது, எங்கே பாதியில் நின்றது என்று தெரிந்துகொண்டால் நீங்களே கணக்குப் போட்டுவிடுவீர்கள். இந்தக் கதையின் முக்கியமான பாகமெல்லாம் நம்ம தமிழ்நாட்டிலேயே, தூத்துக்குடியிலேயே நடந்திருக்கிறது.

மன்னார் வளைகுடாவில் கரையிலிருந்து வெகுதூரம் தள்ளி, கடலுக்கு அடியில் பாறைத் திட்டுகள் இருக்கின்றன. அவற்றுக்குப் 'பார்' என்று பெயர். முத்துச்சிப்பி அந்தப் பாரில்தான் ஒட்டிக்கொண்டு வளரும். கொற்கையில் பாண்டியர் காலத்திலிருந்து முத்துக் குளித்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பிறகு போர்ச்சுகீசியர் வந்தார்கள், டச்சுக்காரர் வந்தார்கள், வெள்ளைக்காரர் வந்தார்கள். ஆள் மாறினாலும் வேலை மாறவில்லை. கல்லைப் பிடித்துக்கொண்டு ஒருவர் உள்ளே இறங்குவார், மேலே படகில் இன்னொருவர் கயிற்றைப் பிடித்திருப்பார், மூச்சு முட்டுகிற வரைக்கும் சிப்பியைப் பறித்துக் கூடையில் போட்டுக்கொண்டு மேலே வருவார். சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுகிறவர் என்று ஒருவர் இருந்தார். அவருக்கு வெள்ளைக்கார அரசாங்கமே கூலி கொடுத்தது. நம்பிக்கை இருந்ததோ இல்லையோ, அவர் கரையில் நிற்காவிட்டால் ஆட்கள் தண்ணீரில் இறங்கமாட்டார்கள் என்று துரைமாருக்குத் தெரியும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அங்கே அறுவடை இருந்தது, விதைப்பு இல்லை. சிப்பி முட்டையிடும். குஞ்சு நீரோட்டத்தில் மிதந்து போகும். அது பாரில் போய் ஒட்டினால் உண்டு, மணலில் விழுந்தால் போச்சு. மீன் தின்னும், நட்சத்திர மீன் தின்னும், ஓட்டைத் துளைத்து உறிஞ்சுகிற சங்கினங்கள் வேறு. அதனால் சில வருஷம் பாரெல்லாம் சிப்பியாகக் கிடக்கும், அப்புறம் பல வருஷம் வெறும் பாறைதான் இருக்கும். தூத்துக்குடிப் பக்கத்தில் 1926 முதல் 1928 வரை முத்துக் குளித்தார்கள். அதற்குப் பிறகு 1955 வரைக்கும் ஒன்றும் இல்லை. 27 வருஷம்! ஒரு தலைமுறையே முத்துக் குளிப்பதைப் பார்க்காமல் வளர்ந்துவிட்டது. 1955-ல் சிப்பி மறுபடி தென்பட்டது. 1961 வரை எடுத்தார்கள். அதோடு சரி. 1961-தான் கடைசி. வானம் பார்த்த பூமி என்று நாம் மானாவாரியைச் சொல்கிறோமே, இது அதைவிட மோசம். மானாவாரிக்காரர் விதையையாவது கையில் வைத்திருப்பார்.

இந்த நிச்சயமின்மைக்குக் காரணம் என்ன என்று ஆராய்வதற்காக 1902-ல் ஹெர்ட்மன் என்ற பேராசிரியரை இங்கிலாந்திலிருந்து இலங்கைக்கு வரவழைத்தார்கள். அவருக்கு உதவியாக வந்தவர் ஜேம்ஸ் ஹார்னெல். சுவாதி நட்சத்திரத்தில் பெய்கிற மழைத்துளி சிப்பிக்குள் விழுந்து முத்தாகிறது என்று நம்ம பெரியவர்கள் சொல்வார்கள். இவர்களோ சிப்பிக்குள் நுழைகிற ஒரு புழுவின் மேல்தான் முத்து படிகிறது என்று எழுதினார்கள். அதுவும் முழு உண்மை இல்லை என்று பிற்பாடு தெரிந்தது. மழைத்துளி தப்பு என்று சொன்னவர்களும் தப்பு செய்தார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான்!

ஹார்னெல் அத்தோடு ஊருக்குத் திரும்பவில்லை, சென்னை மாகாணத்து வேலைக்கு வந்துவிட்டார். அவரை வேலைக்கு வைத்துக்கொண்டவர் சர் பிரெடரிக் நிக்கல்சன். இந்தப் பெயரை நீங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். விவசாயி கந்துவட்டிக்காரரிடம் சிக்கித் தவிப்பதைப் பார்த்து, ஜெர்மனி நாட்டில் இருப்பதுபோல் கிராமத்தார் ஒன்று சேர்ந்து கடன் சங்கம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று 1895-லும் 1897-லும் அரசுக்கு அறிக்கை கொடுத்தவர் இவர். அதன் விளைவுகளில் ஒன்றுதான் 1904-ல் வந்த கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம். நீங்கள் பயிர்க்கடன் வாங்குகிற சங்கத்துக்கு அடிப்படை அங்கேதான் போடப்பட்டது. அதே மனிதர்தான் 1905 முதல் மாகாணத்தின் மீன்வள வேலையையும் பார்த்தார். வயலுக்கு யோசித்தவர் கடலுக்கும் யோசித்தார்.

இங்கே இன்னொரு வகைச் சிப்பியையும் சொல்லிவிடுகிறேன். முத்துச்சிப்பி வேறு, தின்கிற சிப்பி வேறு. தின்கிற சிப்பி ஆழ்கடலில் இருக்காது. ஆறு கடலோடு சேருகிற முகத்துவாரத்தில், உப்பும் நன்னீரும் கலக்கிற இடத்தில் கல்லிலும் கட்டையிலும் ஒட்டிக் கிடக்கும். முத்துப்பேட்டைக் காயலிலும், பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்திலும் இதைப் பார்க்கலாம். ஓடு கரடுமுரடாக, ஒரு ஒழுங்கில்லாமல் இருக்கும். வெள்ளைக்காரருக்கு இது உயிர். நம்ம ஆட்களுக்கு ஓடுதான் முக்கியம். சுட்டுச் சுண்ணாம்பாக்கலாமே! வெற்றிலைக்குத் தடவுகிற கிளிஞ்சல் சுண்ணாம்பும் இந்த மாதிரி ஓடுகளிலிருந்து வருவதுதானே.

ஹார்னெல் 1910-ல் பழவேற்காடு ஏரியில் இந்தச் சிப்பியை வளர்த்துப் பார்த்தார். இந்தியாவில் சிப்பியை 'வளர்க்க' எடுத்த முதல் முயற்சி அதுதான் என்பார்கள். அந்த வித்தையின் தாய்வீடு பிரான்ஸ் தேசம். அங்கே 1850-களில் கடற்கரையெல்லாம் சிப்பி அற்றுப்போய்விட்டது. பொறுக்கிப் பொறுக்கியே தீர்த்துவிட்டார்கள். கோஸ்ட் என்ற விஞ்ஞானி, குஞ்சு தானாக ஒட்டட்டும் என்று காத்திருக்காமல் அது ஒட்டுவதற்கு நாமே இடம் கொடுப்போம் என்றார். ஆர்க்கஷோன் என்ற ஊரில் 1860-களில் ஒரு சுலபமான வழி கண்டுபிடித்தார்கள். வீட்டுக் கூரைக்குப் போடுகிற நாட்டு ஓட்டின் மேல் சுண்ணாம்புப் பூச்சு பூசித் தண்ணீரில் அடுக்கினார்கள். சிப்பிக் குஞ்சுக்குச் சுண்ணாம்பு என்றால் பிரியம், வந்து ஒட்டிக்கொண்டது. சில மாதம் கழித்துச் சுண்ணாம்புப் பூச்சோடு சேர்த்துச் சுரண்டினால் குஞ்சு உடையாமல் வந்துவிடும். எடுத்து வேறு இடத்தில் இடைவெளி விட்டு வளர்க்கலாம்.

யோசித்துப் பாருங்கள், இது நாற்றங்கால்தானே? நெருக்கமாக முளைக்க வைத்து, பறித்து, வரிசையாக நடுவது. நாம் ஆயிரம் வருஷத்துக்கு மேலாகச் செய்கிற வேலையைத் தண்ணீருக்குள் செய்ய வெள்ளைக்காரருக்கு 1860 வரை ஆயிற்று. ஆனால் ஒரு வித்தியாசம். நாற்றங்காலில் நாம் விடுகிற விதை நம்ம வீட்டுக் கோட்டையில் இருந்தது. அவர்கள் ஓட்டில் ஒட்டிய விதை இயற்கை அனுப்பியது. அனுப்பாத வருஷம் ஓடு காலியாகத்தான் இருக்கும்.

இனி ஜப்பானுக்குப் போவோம். மிக்கிமோட்டோ என்பவர் 1893-ல் சிப்பிக்குள் ஒரு மணியை வைத்துப் பாதி உருண்டை முத்து எடுத்தார். அதற்கடுத்த இருபது வருஷத்துக்குள் ஜப்பானியர்கள் முழு உருண்டை முத்துக்கே வழி கண்டுவிட்டார்கள். வழி என்ன தெரியுமா? ஒட்டுக் கட்டுவது! சிப்பி ஓட்டின் உட்புறத்தில் போர்வை மாதிரி ஒரு சதை இருக்கிறது. ஓட்டுக்குப் பளபளப்பைக் கொடுப்பது அந்தச் சதைதான். ஒரு சிப்பியைக் கொன்று அந்தச் சதையிலிருந்து சின்னத் துண்டு வெட்டுகிறார்கள். இன்னொரு சிப்பியை மெல்லத் திறந்து, வயிற்றுப் பக்கம் கீறி, ஓட்டிலிருந்து கடைந்த ஒரு உருண்டை மணியை வைத்து, அதை ஒட்டினாற்போல் அந்தச் சதைத் துண்டையும் வைக்கிறார்கள். துண்டு அங்கே உயிர் பிடித்து மணியைச் சுற்றிப் பை மாதிரி வளர்ந்து, மணியின் மேல் பளபளப்பைப் படலம் படலமாகப் பூசுகிறது. மாவில் ஒட்டு கட்டுகிறவர்களுக்கு இது நன்றாகப் புரியும். குச்சி உயிர் பிடித்தால் ஒட்டு, பிடிக்காவிட்டால் அழுகல்.

ஜப்பான்காரர்கள் இந்த வித்தையை வெளியாருக்குச் சொல்லித்தருவதில்லை என்று கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். நெல்லில் கதை வேறு. நம்ம ஆடுதுறையில் 1965-ல் வெளியிட்ட ஏ.டி.டீ. 27 ரகத்தின் தாய்தகப்பனில் ஒன்று 'நோரின் 10' என்ற ஜப்பான் நெல். நெல்லைக் கொடுத்தவர்கள் முத்தைக் கொடுக்கவில்லை. முத்தில் அவர்களுக்கு உலகச் சந்தையே கையில் இருந்தது, வேறென்ன?

அதனால் தூத்துக்குடியில் நடந்த வேலைக்கு மதிப்பு அதிகம். பாரில் சிப்பி நின்றுபோய் பதினோரு வருஷம் கழித்து, 1972-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் அங்கே முத்து வளர்ப்பு ஆராய்ச்சியைத் தொடங்கினார்கள். தூத்துக்குடிக்கு வடக்கே வேப்பலோடையில் கடலில் தெப்பம் கட்டி, அதிலிருந்து கூடைகளில் சிப்பியைத் தொங்கவிட்டார்கள். அடுத்த ஆண்டு, 1973 ஜூலையில், கே. அழகர்சாமி என்ற விஞ்ஞானி இந்தியாவின் முதல் முழு உருண்டை வளர்ப்பு முத்தை எடுத்துக் காட்டினார். கொற்கைத் துறைமுகம் இருந்த அதே கடற்கரைப் பக்கத்தில்!

முத்து கிடைத்துவிட்டது. அடுத்த கேள்வி உடனே வந்தது. ஒட்டுக் கட்ட சிப்பிக்கு எங்கே போவது? பாரில் சிப்பி இருக்கிற வருஷம் எடுக்கலாம், இல்லாத வருஷம் தொழிற்சாலையை மூடுவதா? ஆகவே சிப்பியைத் தொட்டியிலேயே முட்டையிட வைக்க வேலை செய்தார்கள். 1981-ல் அதுவும் தூத்துக்குடியிலேயே கைகூடியது.

இந்தப் பொரிப்பக வேலையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல ஆசை. என் பார்வையில் முத்தைவிடப் பெரிய சாதனை இதுதான். சினையான சிப்பியை எடுத்து, தண்ணீரின் சூட்டைக் கொஞ்சம் ஏற்றினால் ஒரே நேரத்தில் முட்டையும் விந்தும் விடும். ஒரு சிப்பி விடுகிற முட்டை லட்சக்கணக்கில். கண்ணுக்குத் தெரியாத அந்தக் குஞ்சு ஏறக்குறைய மூன்று வாரம் நீந்தும், பிறகுதான் ஒட்டும். அந்த மூன்று வாரமும் அதற்குத் தீனி வேண்டும். தீனி என்பது நுண்ணிய பாசி. அந்தப் பாசியைத் தனித் தொட்டியில், உரம் போட்டு, வெளிச்சம் காட்டி நாம் பயிர் செய்தாக வேண்டும். ஆக, சிப்பிக் குஞ்சுக்கு முன்னால் பாசிப் பயிர். மாடு வாங்குவதற்கு முன்னால் பசுந்தீவனம் போடு என்று நாங்கள் சொல்வோமே, அதே கதைதான்.

அமெரிக்காவில் இதற்கு வழி தேடிய காலத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. 1920-களில் நியூயார்க் பக்கத்தில் வெல்ஸ் என்பவர் சிப்பிக் குஞ்சு வளர்த்தார். தண்ணீர் மாற்றும்போதெல்லாம் குஞ்சும் தண்ணீரோடு போய்விடும். அவ்வளவு பொடி. என்ன செய்தார் தெரியுமா? பாலிலிருந்து வெண்ணெய்க்கு ஆடையைப் பிரிக்கிற சுழல் இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்து, அதில் தண்ணீரை ஊற்றிச் சுழற்றிக் குஞ்சை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்தார். பால் பண்ணைச் சாமான் சிப்பிப் பண்ணைக்கு உதவியது.

சரி, விதையும் கைக்கு வந்தது, முத்தும் கைக்கு வந்தது. பிறகு ஏன் இன்றைக்குத் தூத்துக்குடியில் வீட்டுக்கு வீடு முத்துப் பண்ணை இல்லை? இதைத்தான் நீங்கள் கேட்க வேண்டும். ஒன்று, நம்ம கடல் சிப்பி ஜாதியே சின்னது. சின்னச் சிப்பிக்குள் பெரிய மணியை வைக்க முடியாது. ஆகவே முத்தும் சின்னதாகத்தான் வரும். ஆஸ்திரேலியாப் பக்கத்துப் பெரிய சிப்பியோடு இது போட்டி போட முடியாது. இரண்டாவது, கரையோரத் தண்ணீர். கலங்கல், வண்டல், கூடையிலும் சிப்பி மேலும் வந்து ஒட்டுகிற கொட்டலசு முதலான உயிரினங்கள், தெப்பக் கட்டையையே அரிக்கிற புழு. வாரா வாரம் தூக்கிச் சுரண்டிக் கழுவ வேண்டும். களை எடுக்கிற கூலி நமக்குத் தெரியாததா? மூன்றாவது, ஒட்டு கட்டத் தெரிந்த கை வேண்டும். அது பத்து நாள் பயிற்சியில் வராது.

பொரிப்பகத்தில் பிறந்த குஞ்சுகளை 1985-லிருந்து சில ஆண்டுகள் பழைய பாரிலேயே கொண்டுபோய் விட்டும் பார்த்தார்கள். பார் பழையபடி நிறையவில்லை. நாற்று நம்முடையது என்றாலும் வயல் நம்முடையது இல்லையே. அங்கே வரப்பும் கிடையாது, காவலும் கிடையாது.

தின்கிற சிப்பியின் கதை வேறு மாதிரிப் போயிற்று. அதே நிலையத்தார் 1970-களில் தூத்துக்குடியில் அதையும் எடுத்துக்கொண்டார்கள். சுண்ணாம்பு பூசிய ஓடு வைத்துக் குஞ்சு பிடித்தார்கள். ஹார்னெல் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கழி நட்டுச் சட்டம் கட்டி, தட்டுகளில் வைத்து வளர்த்தார்கள். நன்றாக வளர்ந்தது, மகசூலும் நன்றாக இருந்தது. ஆனால் வாங்க ஆள் இல்லை! நம்ம பக்கத்தில் அதைச் சாப்பிடுகிறவர் யார்? விளைச்சலைக் காட்டிவிட்டார்கள், தட்டில் போட்டுத் தின்ன வைக்க முடியவில்லை.

அதே வித்தை கேரளாவுக்குப் போனது. அங்கே காயலோரத்து மக்கள் சிப்பியை எடுத்துச் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள். 1990-களில் கொல்லத்துக்குப் பக்கத்து அஷ்டமுடிக் காயலிலும், பிறகு வேறு காயல்களிலும் வளர்ப்பைப் பரப்பினார்கள். அங்கே தட்டுகூட வேண்டாம் என்று செலவைக் குறைத்தார்கள். தின்று போட்ட காலி ஓடுகளை ஐந்தாறு எடுத்து, ஓட்டை போட்டு, இடைவெளி விட்டுக் கயிற்றில் கோக்க வேண்டியது. மூங்கில் கழிச் சட்டத்தில் தொங்கவிட வேண்டியது. காயலில் இயற்கையாக மிதக்கிற குஞ்சு அந்த ஓட்டிலேயே ஒட்டி அதிலேயே வளர்ந்துவிடும். தீனி போட வேண்டாம், உரம் வேண்டாம், தண்ணீரிலிருக்கிற பாசியை வடிகட்டித் தின்றே வளரும். நவம்பர், டிசம்பரில் கட்டினால் தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால் எடுத்துவிடலாம். மழை வந்தால் காயல் முழுக்க நன்னீராகிவிடும், சிப்பி தாங்காது. பருவம் பார்த்து நடுவதும் வெள்ளத்துக்கு முன்னால் அறுப்பதும் அங்கேயும் உண்டு பாருங்கள். இந்த வேலையை அங்கே பெரும்பாலும் பெண்கள் சுய உதவிக் குழுவாகச் சேர்ந்து செய்கிறார்கள்.

விற்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. எடுத்த சிப்பியைச் சுத்தமான ஓடும் தண்ணீரில் ஒரு நாள் போல வைத்திருக்க வேண்டும். சிப்பி தண்ணீரை வடிகட்டித் தின்பதால் தண்ணீரில் என்ன அழுக்கு இருக்கிறதோ அது அதன் வயிற்றிலும் இருக்கும். கிருமி ஒரு நாளில் வெளியேறிவிடும். ஈயம், பாதரசம் மாதிரி உலோகங்கள் அவ்வளவு சீக்கிரம் போகாது. அதனால் தொழிற்சாலைக் கழிவு கலக்கிற முகத்துவாரத்தில் சிப்பி வளர்க்கவே கூடாது. நம்ம வடிகால் தண்ணீரும் கடைசியில் போய்ச் சேருவது ஒரு முகத்துவாரத்தில்தான். மேல்மடைக்காரர் தெளிப்பது கீழ்மடைக்காரர் வாய்க்குப் போகும் என்பதை இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

வெளிநாட்டில் இப்போது இந்தத் தொழில் எங்கே போய் நிற்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பூவன், ரஸ்தாளி வாழையில் ஏன் விதை இல்லை தெரியுமா? மற்றப் பயிருக்கு மரபுச் சரம் இரண்டு தொகுதி என்றால் அவற்றுக்கு மூன்று தொகுதி. மூன்றைச் சமமாகப் பங்கு போட முடியாது, அதனால் விதை கட்டாது. அமெரிக்காவில் 1980 வாக்கில் சிப்பியிலும் இப்படி மூன்று தொகுதி உள்ளதை உண்டாக்கிவிட்டார்கள். அது சினை பிடிக்காது. சினைக்குப் போகிற சத்தெல்லாம் சதைக்குப் போகிறது, சீக்கிரம் பருக்கிறது, சினைப் பருவத்திலும் சாப்பிட நன்றாக இருக்கிறது. வாழைக்கு இயற்கை செய்ததைச் சிப்பிக்கு மனிதன் செய்தான். ஆனால் அது குஞ்சு பொரிக்காது என்பதால் ஒவ்வொரு தடவையும் பொரிப்பகத்தில்தான் வாங்க வேண்டும். வீரிய ஒட்டு விதை மாதிரி.

பொரிப்பகத்தை நம்பினால் எல்லாம் நலம் என்றும் சொல்ல முடியாது. 2007-லும் 2008-லும் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஒரு பெரிய பொரிப்பகத்தில் குஞ்சுகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. கிருமியோ என்று தேடினார்கள். பிறகு பார்த்தால், கரி வாயு கரைந்து கடல் தண்ணீர் புளித்திருந்தது. அந்தத் தண்ணீரில் குஞ்சு ஓடு கட்ட முடியவில்லை. புளித்த நிலத்துக்கு நாம் சுண்ணாம்பு இடுவதுபோல அவர்கள் துணி வெளுக்கிற சோடாவைத் தொட்டித் தண்ணீரில் கலந்து சரி செய்தார்கள். தண்ணீரின் தன்மையை நேரத்துக்கு நேரம் காட்டுகிற கருவிகளையும் பொருத்தினார்கள். ஆஸ்திரேலியாவில் இப்போது உப்பின் அளவையும் தண்ணீர்ச் சூட்டையும் பண்ணையிலிருந்தே கருவி சொல்கிறது, பண்ணைக்காரர் கைபேசியில் பார்த்துக்கொள்கிறார். பிரான்சில் 1970-களின் தொடக்கத்தில் ஒரு நோய் வந்து அவர்கள் வளர்த்த சிப்பி ஜாதியையே அழித்தது. ஜப்பான் ஜாதியைக் கொண்டுவந்து தப்பித்தார்கள். 2008-ல் அந்த ஜாதியின் குஞ்சுக்கும் நச்சுயிரி நோய் வந்துவிட்டது. ரகம் மாற்றினால் பூச்சியும் பின்னாலேயே வருகிறது. நெல்லில் நாம் பார்க்காததா!

இப்போது உங்கள் குட்டைக்கு வருவோம்.

நம்ம ஆற்றிலும் வாய்க்காலிலும் கிடைக்கிற கறுப்புச் சிப்பி உங்களுக்குத் தெரியும். சின்ன வயதில் கல்லில் தேய்த்து ஓட்டை போட்டு மாங்காய் சீவியிருப்பீர்கள். அதுவும் முத்து கட்டக்கூடியதுதான். ஒரிசாவில், இப்போதைய ஒடிசாவில், புவனேஸ்வரத்திலுள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தார் 1980-களின் பிற்பகுதியிலிருந்து ஆராய்ந்து இதற்கு முறை வகுத்திருக்கிறார்கள். ஆகவே குளத்தில் முத்து என்பது கட்டுக்கதை இல்லை, உண்மை. சிப்பிக்குள் மணியையோ, பிள்ளையார் மாதிரி உருவ அச்சையோ வைத்து, ஒரு பத்து நாள் பார்த்துக் காயம் ஆறவிட்டு, வலைப்பையில் போட்டுக் குளத்தில் தொங்கவிட வேண்டும். 12 முதல் 18 மாதம் ஆகும்.

ஆனால் தூத்துக்குடிக் கதையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவர்கள் உங்களுக்குத் தருகிற சிப்பி எங்கேயிருந்து வருகிறது? பொரிப்பகத்திலிருந்து வருகிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் ஏரியிலும் ஆற்றிலும் பொறுக்கியதாகத்தான் இருக்கும். நன்னீர்ச் சிப்பியின் குஞ்சு பிறந்ததும் ஒரு மீனின் செவுளிலோ துடுப்பிலோ ஒட்டிக்கொண்டு சில காலம் வாழ்ந்தால்தான் பிழைக்கும். தொட்டியில் வளர்ப்பது கடல் சிப்பியைவிடத் தொல்லை. அதாவது, கடலில் 1981-ல் தாண்டிய கட்டத்தைக் குளத்து முத்துக்காரர்கள் பெரும்பாலோர் இன்னும் தாண்டவில்லை. பொறுக்கிக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். பொறுக்குவது எத்தனை நாளைக்கு என்பதற்கு 1961 சாட்சி.

அடுத்தது விலை. சீன தேசத்தில் இந்த நன்னீர் முத்து பல நூறு வருஷப் பழக்கம். புத்தர் உருவத்தைச் சிப்பிக்குள் வைத்து முத்துப் பூசி எடுத்தவர்கள் அவர்கள். இன்றைக்கு அவர்கள் வளர்க்கிற பெரிய ஜாதிச் சிப்பி ஒன்றிலிருந்து ஒரே தடவையில் முப்பது, நாற்பது முத்து எடுக்கிறார்கள். நம்ம சிப்பியில் ஒன்று இரண்டு. சந்தையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்காரும். "நாங்களே வாங்கிக்கொள்கிறோம்" என்பவரைத் தவிர வேறு யார் வாங்குவார்கள், கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ ஒரு நகைக்கடைக்காரர் என்ன விலை சொல்கிறார் என்று ஒரு தடவை கேட்டுவிட்டு வாருங்கள். விதை விற்கிறவரே விளைச்சலுக்கும் ஒரே வியாபாரி என்றால், விலையை நிர்ணயிக்கப் போவது நீங்கள் இல்லை. பெயர் சொல்ல விரும்பவில்லை, ஆனால் முன்பணம் வாங்கின பிறகு முத்து எடுக்கிற காலத்தில் போன் எடுக்காதவர்கள் இருந்திருக்கிறார்கள். நிஜமாகவே கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் புவனேஸ்வரம் நிலையத்திலேயே பயிற்சி உண்டு. நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மாவட்ட மீன்வளத் துறை அலுவலகம் தஞ்சாவூரிலேயே இருக்கிறது. கேட்பதற்குக் காசு இல்லை.

கடைசியாகத் தண்ணீர். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கிறார்கள், ஜனவரி 28-ல் மூடுகிறார்கள். அதற்குப் பிறகு நாலரை மாதம் உங்கள் குட்டையில் என்ன நிற்கும்? முத்துக்கு 12 மாதத்துக்குக் குறையாமல் வேண்டும் என்றால், ஒரு கோடையைத் தாண்டாமல் முடியாது. குறுவைக்கு 110 நாள் போதும், சம்பா நீர் மூடுவதற்குள் முடிந்துவிடும், முத்து அப்படி இல்லை. போர்த் தண்ணீர் விட்டால் மின்சாரம், பராமரிப்பு, அதோடு அந்தத் தண்ணீரில் பாசி ஏறுமா என்ற கேள்வி. தண்ணீர் குறைந்து சூடேறினால் முதலில் சாவது சிப்பிதான். கெண்டையாவது துள்ளிக் காட்டும், சிப்பி வாய் பிளந்த பிறகுதான் தெரியும்.

ஆகையால் ஆசை இருப்பவர்களுக்கு ஒரு யோசனை. யாருக்கும் பணம் கட்ட வேண்டாம். வாய்க்காலில் தண்ணீர் வற்றும்போது ஒதுங்குகிற உயிர்ச்சிப்பி பத்து இருபது பொறுக்குங்கள். ஓட்டின் மேல் கத்தியால் சின்ன அடையாளம் கீறிவையுங்கள். பழைய கொசுவலைத் துணியில் பை தைத்து, பைக்கு இரண்டாகப் போட்டு, ஒரு மூங்கில் கழியில் கட்டி, உங்கள் குட்டையில் மூன்றடி ஆழத்தில் தொங்கவிடுங்கள். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை பையைக் கழுவுங்கள், செத்ததை எடுத்துவிட்டு எத்தனை என்று நாட்குறிப்பில் எழுதுங்கள். மேட்டூர் தண்ணீர் நம்ம குடமுருட்டியில் வந்து சேருகிற அன்றைக்குப் பையைத் தூக்கி எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வாருங்கள், மேற்கொண்டு பேசலாம்.